பேதை என்றொரு சொல்

உலா இலக்கியம் நடத்தும்போது, பேதை என்றால் ஐந்து முதல் ஏழு வயதுப் பெண் என்று சொல்வேன். அறிவில்லாதவர் என்றும் பொருள் உண்டு என்று சேர்ப்பேன். வகுப்பு சிரிக்கும். ஓராண்டு, ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “அந்த வயசுப் பையனுக்கு என்ன பேரு மேம்?” என்றாள். பாட்டியல் நூல்களில் அவன் பாலன். வளர்ந்தால் மறவோன், திறலோன்.

பேதைமைக்குப் பெண்ணுருவம் தருவது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. எராஸ்மஸ் 1511இல் அச்சிட்ட லத்தீன் நூலில் பேதைமையே பெண்ணாக மேடையேறித் தன்னைப் புகழ்ந்துகொள்கிறாள். இறையியலாளரையும் போப்புகளையும் கிழிக்கிறாள். வம்பு வந்தால்? பேசியவள் ஒரு பெண், அதிலும் பேதை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் இருந்த கை ஆணுடையது.

ஆங்கிலத்தில், பயனின்றி எழுப்பிய அலங்காரக் கட்டடத்துக்கும் ‘ஃபாலி’ என்றே பெயர். அயர்லாந்தில் பஞ்சம் வாட்டிய 1740இல் கேத்தரின் கொனொலி என்ற கைம்பெண் ஏழைகளுக்கு வேலை தருவதற்காகச் சுமார் 140 அடி உயரத்தில் வளைவுகள் மேல் ஒரு தூணை எழுப்பினார். அது இன்றும் ‘கொனொலியின் ஃபாலி’. கணவர் குடும்பத்தின் பெயரும் பேதைமையும் மட்டும் அதில் மிஞ்சின. அதற்காக அவரை நம் தோழியாக்கிவிட வேண்டாம். பசித்தவர்கள் கல் சுமந்தால்தான் சோறு என்பது நிலவுடைமையின் கணக்கு.

பிரெஞ்சில் ‘ஃபோலி’ பித்து. செல்வந்தரின் உல்லாச மாளிகையும் அதுவே. பிறகு கேளிக்கை அரங்குகளும் அந்தப் பெயரைச் சூடின. பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கின் மதுக்கூடப் பெண்ணை மானே 1882இல் தீட்டினார். அத்தனை விளக்குகளுக்கு நடுவே அவள் முகம் எதையும் தர மறுக்கிறது. அதே அரங்கில் 1926இல் வாழைப்பழப் பாவாடையோடு ஆடினார் கறுப்பின அமெரிக்கரான ஜோசஃபின் பேக்கர். அந்தப் பாவாடை காலனியக் கற்பனையின் உடுப்பு. அதில் விடுதலையை மட்டும் காண்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் ஆடும்போது கண்களை மூக்கை நோக்கித் திருப்பிக் கோணலாக்குவார், கன்னத்தை உப்புவார். ரசிக்க வந்த பார்வை அந்த நொடியில் தடுமாறும். நியூயார்க்கில் குழு நடன வரிசையின் கடைசிப் பெண்ணாக அவர் பழகிய வேலை அது: அடவு மறந்தவள்போல் தடுமாறிச் சிரிக்கவைத்துவிட்டு, கடைசியில் எல்லாரையும் விட நன்றாக ஆடுவது. தடுமாறுவதற்கு எவ்வளவு தாளக்கட்டு வேண்டும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

1936இல் நியூயார்க்கின் ‘சீக்ஃபெல்ட் ஃபாலிஸ்’ காட்சியில் ஆடத் தாய்நாடு திரும்பினார். விமர்சகர்கள் நிறத்தைச் சொல்லி இகழ்ந்தார்கள். பாரிஸுக்கே திரும்பிப்போனார். போர் வந்தது. நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத மையில் தகவல் எழுதிய இசைத்தாள்களோடு எல்லை கடந்தார். ஆட்டக்காரியின் பெட்டியில் பாட்டைத் தவிர வேறென்ன இருக்கும் என்றுதான் காவலர்கள் நினைப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.