இடிப்புக்கு முந்திய லாகோஸ்: படத்திலும் ஒலியிலும் ஒரு நகரத்தின் நினைவு

நைஜீரியாவின் மிகப் பெரிய நகரமான லாகோஸ், தன் பழைய கட்டடங்களைப் பேணுவதில் பெயர் பெற்றது அன்று. பிரேசிலில் அடிமைகளாக வாழ்ந்து, விடுதலைக்குப்பின் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்பியவர்கள் லாகோஸ் தீவில் வளர்த்த கட்டடக்கலைக்குச் சிறந்த சான்றாக நின்ற இலோஜோ பார் என்னும் மாளிகை, 1855இல் எழுப்பப்பட்டு, 1956இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, அந்த அறிவிப்பு நடைமுறையில் இருந்தபோதே 2016 செப்டம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. 1991 டிசம்பரில் தலைநகரம் அபுஜாவுக்கு மாறியபின் நடுவண் அரசு விட்டுச்சென்ற பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுக்கணக்கில் பாழடைந்து கிடந்தன. இத்தகைய நகரத்தில் ஆவணக்காப்பகங்கள் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியைக் கடந்த அரை நூற்றாண்டாகப் புகைப்படக் கலைஞர்களும், அவர்களுக்குப் பிந்தி ஒலிக்கலைஞர்களும் செய்துவந்திருக்கிறார்கள். ஆயினும் அவர்களுள் பலர் கடந்த காலத்தைக் காக்கும் எண்ணத்தோடு தொழிலைத் தொடங்கியவர்கள் அல்லர். கண்முன் இருந்ததையே பதிவு செய்தார்கள், பதிவான பொருள் பின்னர் அழிக்கப்பட்டதால் அவர்களுடைய பதிவு நினைவாயிற்று.

இதற்கு ஓரளவு விலக்கானவர் ஜே. டி. ஒகாய் ஒஜெய்க்கெரே (1930–2014). விளம்பர நிறுவனமொன்றில் 1963 முதல் பணியாற்றி, 1975இல் சொந்த ஸ்டுடியோ தொடங்கிய அவர், 1968இலிருந்து நைஜீரியப் பெண்களின் தலையலங்காரங்களைத் திட்டமிட்டுப் படமெடுத்துவந்தார். அத்தொகுதி ஏறத்தாழ ஆயிரம் படங்களாகப் பெருகியது. பெரும்பாலான படங்களில் பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். வெறுமையான பின்புலத்தின்முன், கருநூல் சுற்றி விறைப்பாக்கிய மயிர்க்கற்றைகள் உச்சியை நோக்கி வளைந்தெழுந்து ஒன்றோடொன்று கூடுவதும், வகிடெடுத்த தோலில் கோடுகள் பிறழாமல் ஓடுவதும், முகத்தின் குறுக்கீடு இல்லாததால், சிற்பத்தைச் சுற்றிவந்து பார்ப்பதுபோல் தெரிகின்றன. சில நாள்களிலோ வாரங்களிலோ அவிழ்த்துவிடப்படும் கைவேலைப்பாடு இது என்பதை அவர் அறிந்தே எடுத்தார். நைஜீரிய விடுதலைக்குப் பின்னர் லாகோஸில் எழுந்த ஏக்கோ பாலத்தின் பெயரையே ஓர் அலங்காரத்துக்கு வழங்கினார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, அந்தத் தலைகள் 1960களுக்கும் 1970களுக்கும் உரிய நகரக் கட்டுமான வேட்கையின் குறிப்பேடாகவும் ஆகிவிடுகின்றன. அக்காலத்துப் புதிய கட்டடங்களையும் அவர் நிறையப் படமெடுத்தார். அப்பகுதி தலையலங்காரப் படங்களின் புகழில் மறைந்துபோனது, ஆய்வாளர்கள் இன்னும் சரிசெய்ய வேண்டிய ஒரு சாய்வு. 2007இல் லாகோஸில் தற்காலக் கலை மையத்தைத் தொடங்கிய பிசி சில்வாவின் முயற்சியால் ஒஜெய்க்கெரேயின் பணி 2014இல் பெருந்தொகுப்பாக நூலுருப் பெற்றது.

ஸ்டுடியோ படங்களின் கதை வேறு. டிஜிட்டல் கேமரா பரவியதும் லாகோஸின் ஸ்டுடியோக்காரர்கள் பலர் தங்களிடம் குவிந்திருந்த நெகட்டிவ்களை இடத்தை அடைக்கும் குப்பையாகக் கருதி வீசவும் எரிக்கவும் தொடங்கினார்கள். வாடிக்கையாளருக்கு அச்சுப்படம் கொடுத்தாயிற்று, இனி அவற்றால் வருமானம் இல்லை என்பது தொழில்முறையில் நியாயமான கணக்கே. அவ்வாறு அழியவிருந்தவற்றைச் சேகரிக்கும் பணியைக் கார்ல் ஒஹிரியும் ரீக்கா கஸினெனும் 'லாகோஸ் ஸ்டுடியோ ஆர்க்கைவ்ஸ்' என்ற பெயரில் செய்துவருகிறார்கள். ஜான் அபே, ஃபன்மிலாயோ அபே என்னும் கணவன் மனைவி இருவரும் 1970களிலிருந்து 2006 வரை நடத்திய 'அபி மொரோக்கோ ஃபோட்டோஸ்' நிறுவனத்தின் படங்கள் இவ்வாறுதான் வெளிச்சத்துக்கு வந்தன. மீட்கப்பட்ட நெகட்டிவ்கள் எல்லாம் செம்மையாக இல்லை. வெக்கையும் ஈரமும் படச்சுருளின் மேல் உள்ள மருந்துப் பூச்சைக் குமிழவைத்துக் கரைத்ததால், பண்டிகை உடையில் நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் தோளிலிருந்து ஊதாவும் மஞ்சளும் வழிந்து முகத்தை விழுங்கிவிட்டிருக்கின்றன. சேகரிப்பாளர்கள் அந்தச் சிதைவைத் திருத்தாமல் அப்படியே பெரிதாக்கிக் காட்சிக்கு வைத்தது விவாதத்துக்குரியது. ஸ்டுடியோவுக்கு வந்தவர் தம் நல்ல உருவத்துக்காகத்தான் காசு கொடுத்தார். அழிந்த உருவத்தின் அழகு இன்றைய கலைக்கூடத்தின் சுவை. எனினும், லாகோஸின் தட்பவெப்பமே படத்தில் கைவைத்திருக்கிறது என்ற வகையில், அச்சிதைவும் நகரத்தைப் பற்றிய ஒரு சான்றுதான் என்பதை மறுக்க இயலாது.

1946இல் ஆக்ஸ்ஃபர்டில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து, நீண்டகாலமாகப் பெர்லினில் வாழும் புகைப்படக் கலைஞர் அகின்போடே அகின்பியியின் முறை நடையை அடிப்படையாகக் கொண்டது. சதுர வடிவப் படம் தரும் ரோலிஃபிளெக்ஸ் கேமராவை அவர் பயன்படுத்துகிறார். கண்ணுக்கு நேரே பிடிக்காமல் வயிற்றளவில் வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்து இயக்கும் கருவி அது. எதிரில் நிற்பவரை முறைத்துப் பார்க்காத இந்தப் பணிவு படங்களின் குணத்தையே தீர்மானிக்கிறது. விக்டோரியா தீவின் பார் பீச்சில் பல்லாண்டுகள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 'கடல் வற்றுவதில்லை' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். வெள்ளையங்கி அணிந்து அலையோரம் மன்றாடும் அலதுரா என்னும் கிறிஸ்தவ சபையினரும், குதிரைச் சவாரிக்கு ஆள் தேடுபவர்களும், வெறுமனே நிற்பவர்களும் கூடும் இடமாக இருந்த அக்கடற்கரையில்தான் 1970களில் கொள்ளையர்கள் மக்கள் திரளின்முன் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடலரிப்பு அதைத் தின்றுகொண்டிருந்தபோது, அங்கேயே கடலைத் தூர்த்து ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏக்கோ அட்லாண்டிக் என்னும் செல்வர் நகரத்தை எழுப்பும் வேலை தொடங்கிற்று. இன்று அந்தக் கரையைப் பார்க்க விரும்புவோர் அகின்பியியின் படங்களிடம்தான் செல்ல வேண்டும். அவை இழப்பை அறிவிக்கும் படங்களாக எடுக்கப்படாததாலேயே அவற்றுக்கு நம்பகத்தன்மை மிகுதி.

படம் காட்டாத ஒன்றை, அதாவது நகரம் தன் வேலையை எவ்வாறு ஒழுங்கு செய்துகொள்கிறது என்பதை, ஒலி காட்டுகிறது. ஓரிடத்தில் எழும் ஓசைகள் அனைத்தையும் ஒரு முழுமையாகக் கேட்டு ஆராயும் அணுகுமுறைக்கு ஒலிச்சூழல் ஆய்வு என்று பெயர். ஒலிக்கலைஞர் எமேகா ஓக்போ 2008 முதல் லாகோஸை இவ்வாறு பதிவு செய்துவருகிறார். அவருடைய கவனத்தின் மையம் டன்ஃபோ என்னும் மஞ்சள் சிற்றுந்து. திறந்த கதவில் தொங்கியபடி நடத்துநர் நிறுத்தங்களின் பெயர்களை மூச்சு விடாமல் கூவுகிறார். சில்லறையோடு ஏறுமாறு பிட்ஜின் மொழியில் எச்சரிக்கிறார். இறங்க வேண்டியவர் யொரூபாவில் குரல் கொடுக்கிறார். வழித்தடப் பலகைக்குப் பதிலாக இக்கூவலையே நம்பி லட்சக்கணக்கானோர் பயணிக்கும் நகரத்தில் இது வாய்மொழியாலான வரைபடம். சர்ச் மிஷனரி சொசைட்டியின் புத்தகக் கடையால் 'சி.எம்.எஸ்.' என்று வழங்கும் நிறுத்தத்தைக் கூவும் இளைஞர் காலனிய லாகோஸின் ஒரு துண்டைத் தினமும் நூறு முறை சொல்லிவிடுகிறார்; அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஓக்போவின் 'மார்க்கெட் சிம்ஃபனி' லாகோஸின் பலோகுன் சந்தையின் ஒலிகளை, விற்பனையாளர்கள் சரக்குப் பரப்பும் எனாமல் தட்டுகளில் பொருத்திய ஒலிபெருக்கிகள் வழியே கேட்கச் செய்தது. 2016இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. யொரூபாவும் பிட்ஜினும் அறியாத பார்வையாளர் இதை இனிய இரைச்சலாகக் கேட்கிறார். லாகோஸ்காரர் விலையையும் ஏச்சையும் நையாண்டியையும் கேட்கிறார். கண்ணுக்குப் புலனாகும் படத்தை அயலார் ஓரளவு படித்துவிட முடியும். ஒலியின் நினைவு கேட்பவரின் காதில் ஏற்கெனவே பாதி இருந்தால்தான் முழுமை பெறும். அருங்காட்சியக விளக்க அட்டைகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

ஓசையும் இடிக்கப்படக்கூடியதே. 2009 ஜனவரியில் லாகோஸின் ஓஷோடிப் பகுதியில் இருந்த நெரிசலான தெருச்சந்தை அகற்றப்பட்டபோது கடைகளோடு கூவல்களும் போயின. 2016இல் ஒலிமாசைக் குறைக்கும் நடவடிக்கையில் மாநில அதிகாரிகள் சுமார் 70 தேவாலயங்களையும் 20 மசூதிகளையும் மூடினார்கள். ஒஜுவெலெக்பா பேருந்துச் சந்திப்பின் புவியியல் ஆயத்தொலைகளையே தலைப்பாக்கி ஓக்போ 2022இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் நடத்துநர்களும் ஓட்டுநர்களும் பேசுகிறார்கள், தாளம் அவர்களுடைய பேச்சுக்குப் பின்னணியாக ஓடுகிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மெரினாவுக்கும் மைல் டூவுக்கும் இடையே நீலத்தட மின்ரயில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதில் கதவில் தொங்கி ஊர்ப்பெயர் கூவ ஆள் தேவையில்லை.