சென்னை சிட்டி எஃப்சி: முதலாளி போன பிறகு என்ன மிஞ்சியது?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று ஜெயித்து சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். அன்றைக்கு ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை ஜெயித்தது, ஆனாலும் பயனில்லை. கடைசிக் கணக்கு 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் அது.

ரெண்டே முக்கால் வருஷம் கழித்து, 2021 டிசம்பரில் அடுத்த ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. உரிம நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று வெளியே வைக்கப்பட்டது. அந்த இடத்துக்கு மும்பையின் கெங்கரே எஃப்சி வந்தது. ஊரில் பெரிசாக யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கு. இந்திய கால்பந்தில் ஒரு கிளப் மூடினால் நாம் எழுதும் இரங்கல் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: "பணம் போட்டவர் போய்ட்டார், கிளப் போச்சு." கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இது விளக்கமே இல்லை என்பது என் கட்சி. பணம் போட்டவர் எல்லா ஊரிலும் ஒரு நாள் போகத்தான் செய்வார். சில கிளப்புகள் அதற்குப் பிறகும் இருக்கின்றன, சில காணாமல் போகின்றன. இந்த வித்தியாசத்தைத்தான் விளக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் 'பஸ் ஃபேக்டர்' என்று கொஞ்சம் குரூரமான ஒரு கணக்கு உண்டு. டீமில் எத்தனை பேரை பஸ் அடித்தால் ப்ராஜெக்ட் நின்றுபோகும்? விடை ஒன்று என்றால் ஆபத்து. ஆனால் இந்தக் கணக்கு ஆளின் திறமையைப் பற்றியது இல்லை. அந்த ஒருத்தர் கையில் மட்டும் எதெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கு என்பதைப் பற்றியது. பாஸ்வேர்ட் யார் பெயரில், சர்வர் பில் யார் கார்டில், டொமைன் யார் பெயரில் பதிவு? கிளப்பையும் இதே மாதிரி பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரோஹித் ரமேஷ் உரிமையாளராக இருந்த சென்னை சிட்டி 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் இரண்டு வருஷமும் அடிமட்டப் போராட்டம். மூன்றாம் வருஷம் சிங்கப்பூர்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி, நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகெஸ் போன்றவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி மட்டும் 21 கோல். பட்டம் ஜெயித்த கையோடு சூப்பர் கோப்பையில் அந்த வருஷத்து ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவையும் 2-1 என்று தோற்கடித்தார்கள். பெரிய பணத்தால் வாங்கிய பட்டம் இல்லை அது. கண்ணும் உழைப்பும் வாங்கிக் கொடுத்தது.

இனி 'யார் பெயரில்' கணக்கு.

ஊர்: பெயர் சென்னை, சொந்த மைதானம் கோவை. அம்பத்தூரில் இருக்கும் எனக்கு இந்த கிளப்பின் 'உள்ளூர்' ஆட்டம் பார்க்க 500 கிலோமீட்டர் போகணும். கோவை ரயில்கள் எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் போகின்றன. ஆனாலும் நான் ஒரு தடவை கூட போனதில்லை. கோவைக்காரர்கள் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள், சத்தம் போட்டார்கள், ஆனால் சட்டையில் இருந்தது வேறு ஊர்ப் பெயர். சாம்பியன் என்பதால் 2020ல் ஆசிய வாய்ப்பு வந்தது. ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபாவுடன் மோதிய ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. கொரோனாவால் 2020-21 சீசன் மொத்தமும் மேற்கு வங்கத்தில். அதாவது பெயர் ஓர் ஊர், வீடு ஓர் ஊர், ஆசியாவுக்கு ஓர் ஊர், கடைசி வருஷம் இன்னோர் ஊர். இந்த கிளப் மூடினால் எந்தத் தெருவில் போய் அழுவது?

மைதானம்: கிளப்பினுடையது அல்ல.

ஆட்டக்காரர்கள்: ஒப்பந்தம் மட்டுமே கட்டிவைத்தது. பட்டம் ஜெயித்த சில மாதத்திலேயே எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார், ரொமாரியோ கோவாவுக்கு. கோர்தியோ ஹைதராபாத்துக்குப் போனது தகராறாகி, சம்மேளனம் அவருக்கு சில மாதத் தடையே போட்டது. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பான் போய்விட்டார்.

பட்டத்தின் மதிப்பு: இதுதான் கொடுமை. 2019ல் ஐ-லீக்கை ஜெயித்தால் ஐஎஸ்எல்லுக்கு ஏற முடியாது. அந்தக் கதவு 2022-23 சீசனில்தான் திறந்தது, அதில் பஞ்சாப் ஏறியது. சென்னை சிட்டி ஏணி வைப்பதற்கு முன்னாலேயே மாடி வரைக்கும் ஏறி, உள்ளே போக வழியில்லாமல் நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது பணம். அங்கேதான் சுவிட்சர்லாந்து வருகிறது.

2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அப்போது பாசலின் உரிமையாளர் பெர்ன்ஹார்ட் புர்கெனர். அங்கே ரசிகர்கள் பலருக்கு இந்த இந்திய முதலீடு பிடிக்கவில்லை. 2021 வசந்தத்தில் புர்கெனர் தன் பங்கை சென்ட்ரிகஸ் என்ற லண்டன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போகிறார் என்று செய்தி வந்தது. பாசல் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். கிளப்பின் பழைய ஆட்டக்காரரும் சிறு பங்குதாரருமான டாவிட் டேகென் அந்தப் பங்கை முதலில் வாங்கும் உரிமை தனக்கு இருக்கு என்று குறுக்கே நின்றார். மே மாதம் கிளப் அவர் கைக்கு வந்தது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 என்ற ஒரே வருஷத்தில், ஒரே பணக்காரரோடு கட்டப்பட்டிருந்த ரெண்டு கிளப்புகள். அவர் போனதால் பாசலில் ஊர்வலம், வழக்கு, பேரம், புது உரிமையாளர். இந்தப் பக்கத்தில் சில மாதங்களில் ஒரு பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டது, அவ்வளவுதான். புர்கெனர் போனதால்தான் சென்னை சிட்டி மூடியது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே தெருவில் நிற்க ஒரு ஆள்கூட இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். 1893ல் தொடங்கிய பாசலில் உரிமையாளர் வந்து போகிற ஆள். இங்கே உரிமையாளர்தான் கிளப்.

'ரசிகர்கள் இருந்தால் போதுமா, பணம் வேண்டாமா' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஈஸ்ட் பெங்காலைப் பார்ப்போம். விஜய் மல்லையாவின் யுபி குழுமத்தோடு இருந்தது. 2018ல் க்வெஸ் வந்தது, 2020ல் போனது. அதே வருஷம் ஸ்ரீ சிமென்ட் வந்தது, 2022ல் போனது. பிறகு இமாமி. நாலே வருஷத்தில் மூணு பணப்பெட்டி. இடையில் 2021 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நிர்வாகிகளை எதிர்த்து ரசிகர்கள் கிளப் வாசலில் கூட, போலீஸ் தடியடி வரைக்கும் போனது. ஐஎஸ்எல்லில் அடிமட்டத்தில் கிடந்தார்கள். அசிங்கமான வருஷங்கள்தான். ஆனால் கிளப் இருந்தது, 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையும் ஜெயித்தது. காரணம், முதலீட்டாளருக்குக் கிளம்பிப் போக முடிந்தது, கிளப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அது 1920லிருந்து உறுப்பினர்களின் சங்கம்.

செல்சியின் கதையில் இது இன்னும் துல்லியம். 2022 மார்ச்சில் பிரிட்டன் அரசு ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியது. மே கடைசிக்குள் 250 கோடி பவுண்டுக்கு கிளப் கைமாறிவிட்டது. பணக்கார கிளப், வாங்க ஆள் வரிசையில் நின்றது, சரி. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று: ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தின் நிலமும், செல்சி என்ற பெயரின் உரிமையும், ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் பங்கு வாங்கிய ஒரு தனி நிறுவனத்திடம் இருக்கு. 2011ல் அப்ரமோவிச் காலத்தில் கிளப் அதைத் திரும்ப வாங்கப் பார்த்தது. 75 சதவீத ஓட்டு வேணும். கிடைக்கவில்லை. உலகப் பணக்காரர்களில் ஒருவரிடம் ரசிகர்கள் 'மைதானத்தைத் தவிர மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்ன மாதிரி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சீனா. ஜியாங்சு சூனிங் 2020 நவம்பரில் சீன சாம்பியன். உரிமையாளரான சூனிங் நிறுவனத்துக்குப் பண நெருக்கடி. 2021 பிப்ரவரி 28 அன்று கிளப் செயல்பாட்டை நிறுத்தியது. சாம்பியன் ஆகி நாலு மாதம் கூட ஆகவில்லை. சென்னை சிட்டிக்கு அந்த வகையில் கொஞ்சம் ஆயுசு கெட்டி.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஃபக்வாராவின் ஜேசிடி, 1971ல் ஒரு பஞ்சாலை தொடங்கிய அணி, முதல் தேசிய லீக் சாம்பியன். 2011ல் ஆலை நிர்வாகம் மூடிவிட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2005-06 சாம்பியனான மஹிந்திரா யுனைடெட். இந்தப் பட்டியலைப் பார்த்து 'தனியார் முதலாளிகள் இப்படித்தான்' என்று கோபப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பத்திருபது வருஷம் சம்பளம் கொடுத்தார்கள், நாம் டிக்கெட்கூட வாங்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் பழைய முறை மேல். எங்கள் பக்கத்தில் கால்பந்து என்றாலே ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே என்றுதான் பேச்சு. தேசிய லீக்கில் சென்னை சார்பில் ஆடியதும் இந்தியன் வங்கி. அந்த அணிகளில் ஆட்டக்காரர் என்பவர் முதலில் ஊழியர். அணி கலைந்தாலும் மறுநாள் பணிமனைக்கோ கவுண்டருக்கோ போகலாம், ஓய்வு வரைக்கும் சம்பளம் வரும். புது முறை ஆட்டத்தின் தரத்தைக் கூட்டியது, ஊதியத்தையும் கூட்டியது. ஆனால் உரிமையாளர் கவிழ்ந்தால் ஏற்படும் நஷ்டத்தை அப்படியே 24 வயசுப் பையன் தலையில் இறக்கிவைத்தது. இதை யாரும் ஒரு திட்டமாகத் தீட்டவில்லை. கவனிக்காமல் விட்டதால் வந்து சேர்ந்தது.

சம்மேளனத்தின் மேல் எனக்குள்ள விமர்சனமும் இங்கேதான். உரிமம் வழங்கும் நடைமுறை ஒவ்வொரு வருஷமும் 'இப்போது தகுதி இருக்கா' என்று பார்க்கிறது. தகுதி இல்லாதபோது வெளியே அனுப்புகிறது. 'உரிமையாளர் நாளைக்குப் போனால் பெயர் யாருக்கு, பையன்களுக்கு யார் பொறுப்பு, ஒரு சீசன் சம்பளத்துக்கு வைப்புத்தொகை எங்கே' என்று உள்ளே விடும்போதே கேட்டிருந்தால்? அடுக்குமாடி வீடு கட்டுகிறவரிடம்கூட நாம் பத்திரம் யார் பெயரில் என்று கேட்கிறோம்.

இது பழங்கதை என்று நினைத்தால், மேல்தட்டு லீக்கைப் பாருங்கள். எஃப்சி புனே சிட்டி 2019ல் மூடியது. அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது, 2021-22ல் சாம்பியன் ஆனது, அடுத்த ரெண்டு வருஷத்தில் சம்பள பாக்கியில் சரிந்தது. 2025ல் அது டெல்லிக்குப் போய்விட்டது. அதே வருஷம் ஜூலையில், சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்தது தெளிவாகவில்லை என்று ஐஎஸ்எல் சீசனே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. ரெண்டு முறை ஐஎஸ்எல் ஜெயித்த கிளப், நம் ஊர் மைதானத்தில் ஆடும் கிளப்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனதில் முதலில் வந்த கேள்வி 'வேற யாராவது பெரிய ஆள் வாங்குவாங்களா' என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, 2019லும் நான் இதையே நினைத்தேன். சுவிஸ் கிளப் வருகிறது என்றதும், இனி கவலை இல்லை என்று போனை மூடிவைத்த ஆள் நான். அந்த சீசனில் சென்னை சிட்டி கோவையில் பத்து ஆட்டம் ஆடியது. ராத்திரி ரயில் ஏறி, ஆட்டம் பார்த்துவிட்டு ஞாயிறு காலை திரும்பியிருக்கலாம்.

பாசல் தெருவில் நின்றவர்கள் அன்றைக்குப் புதிதாகக் கிளம்பி வந்தவர்கள் இல்லை. பல வருஷமாக சனிக்கிழமை தோறும் டிக்கெட் வாங்கி ஸ்டேடியத்துக்கு வந்து பழகியவர்கள். அதை மட்டும் எந்த உரிமையாளராலும் காசு கொடுத்து வாங்கி வைக்க முடியாது.