விஞ்ஞானக் கூட்டுறவும் பேராதனையும்: ஒரு மதிப்பீடு

காற்றும் கடலும் நாட்டெல்லை அறியாதவை. ஆகவே, உலகச் சுற்றாடல் மாற்றத்தை ஆராயும் விஞ்ஞானமும் பல நாட்டினரின் கூட்டுமுயற்சியாகவே வளர வேண்டியதாயிற்று. 1957-58இல் நடைபெற்ற சர்வதேசப் புவிப்பௌதிகவியல் ஆண்டு இவ்வளர்ச்சியின் முக்கிய படியாகும். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் தொடங்கிய காபனீரொட்சைட்டு அளவீடு, ஓரிடத்தில் நெடுங்காலம் பேணப்படும் பதிவு உலகம் முழுமைக்கும் சான்றாகலாம் என்பதை நிறுவிற்று. 1988இல் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு அமைந்தது. இவ்வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே கூறப்படுகின்றது. ஆயின், இக்கூட்டுறவில் வினாவை எழுப்புவோர் யாவர், விடையைப் பெறுவோர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. இதற்குப் பேராதனையே தக்க உரைகல்லாகும்.

1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்நோய்க்குக் காரணமான பங்கசுக்குப் பேர்க்கிலி அங்கிருந்தே பெயரிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்து நோயின் இயல்பை விளக்கினார். நோய் விளங்கிற்று, கோப்பி பிழைக்கவில்லை. மாதிரி இங்கிருந்து செல்ல, விளக்கம் அங்கிருந்து வருவதே அன்றைய முறை. கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் நோயின் விளைவில் பங்குபெற்றனர், அறிவிற் பங்குபெற்றாரல்லர்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின் நிலைமை மாறிற்று. 1993இல் சிங்கராஜ வனத்தில் 25 ஹெக்டேயர் பரப்புள்ள நிலையான ஆய்வுக்களம் நிறுவப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோர், ஹாவார்ட் பல்கலைக்கழகத்துடனும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துடனும் இணைந்து இதனை நடத்தினர். ஒரு சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்கள் யாவும் இலக்கமிடப்பட்டு, காலத்துக்குக் காலம் மீள அளக்கப்படுகின்றன. பனாமாவிலும் மலேசியாவிலும் தமிழகத்து முதுமலையிலும் இதே முறை கையாளப்படுவதால் ஒரு காட்டின் மாற்றத்தை மற்றொன்றோடு ஒப்பிட முடிகின்றது. இங்கு உள்நாட்டு அறிஞர் மாதிரி சேகரிப்போராக அமையாது, ஆய்வை வழிநடத்துவோராக அமைந்தனர். இது சிறிய பேறன்று.

எனினும், பாதித் தூரமே கடக்கப்பட்டுள்ளது. அளவீடுகள் இந்நாட்டினவாயினும் அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களிலேயே தங்கிவிடுகின்றன. மழையின் போக்கு மாறும்போது முதலிற் பாதிக்கப்படுவோர் மலைச்சரிவின் லயன்களில் வாழ்வோர். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண்சரிவு மூடியபோது, அச்சரிவு ஆபத்தானதென்னும் அறிவு முன்னரே இருந்தது. மக்களோ அங்கேயே இருந்தனர். அவர்களுக்கு மாற்றுக் குடியிருப்பு அமையாமைக்கு மொழி மட்டுமே காரணமன்று. ஆயினும், தமக்குரிய அறிவைத் தம் மொழியிற் பெற்றவரே அதன் பேரில் உரிமை கோரமுடியும்.

தமிழிற் கலைச்சொற்கள் இல்லையெனல் பொருந்தாது. அரசகரும மொழித் திணைக்களம் அவற்றை முன்னரே தொகுத்துள்ளது. குறை சொல்லில் அன்று, கடமையுணர்விலேயே உள்ளது. உலகோடு கூடி அளக்கக் கற்ற பல்கலைக்கழகம், அளந்ததை அயலிலுள்ள மலைக்கு எடுத்துரைக்கவும் வேண்டும். அதுவரை அக்கூட்டுறவு சர்வதேசக் கூட்டுறவாக இருக்கலாம்; முழுமையான கூட்டுறவாகாது.