விலை யாருடைய உடலில்? தமிழ்த் திரைக்கதைகளில் முதன்மைப் பாத்திரத்தின் அக, புற மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

திரைக்கதையின் முதன்மைப் பாத்திரம் தொடக்கத்தில் இருந்த நிலையிலிருந்து முடிவில் வேறொரு நிலையை அடைய வேண்டும் என்பது திரைக்கதை நூல்கள் பொதுவாக வலியுறுத்தும் கருத்து. தோற்றம், தொழில், சமூக நிலை ஆகியவற்றில் நிகழ்வது புற மாற்றம்; விருப்பு, வெறுப்பு, நம்பிக்கை, முடிவெடுக்கும் முறை ஆகியவற்றில் நிகழ்வது அக மாற்றம். இவ்விரண்டும் எவ்வாறு தொடர்புறுகின்றன, அம்மாற்றத்திற்கான விலையை எந்தப் பாத்திரம் தருகிறது என்னும் இரு வினாக்களை ‘முள்ளும் மலரும்’ (1978), ‘தேவர் மகன்’ (1992), ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகிய மூன்று திரைப்படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திரைக்கதை, பாத்திர மாற்றம், மெய்ப்பாடு, வெகுளி, உறுப்பறை, சாதி

முன்னுரை

சிட் ஃபீல்டு 1979இல் வெளியிட்ட திரைக்கதை நூலும், கிறிஸ்டோபர் வோக்லர் 1992இல் வெளியிட்ட நாயகப் பயணம் பற்றிய நூலும் உலகெங்கும் திரைக்கதைப் பயிற்சியின் அடிப்படைகளாகிவிட்டன. சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்னும் நூல் மூன்று அங்க அமைப்பு முதலிய கருத்துகளைத் தமிழ் வாசகரிடையே பரவலாக்கியது. இவ்வகை நூல்களின் வழி வந்த பயிற்சி மரபு ஒரு பொது வாய்பாட்டைத் தருகிறது. பாத்திரத்திற்குப் புறத்தே ஓர் இலக்கு உண்டு. அகத்தே ஒரு குறை உண்டு. இலக்கை நோக்கிச் செல்லும் வழியில் குறை நீங்குகிறது. இறுதிக் காட்சியில் இரண்டும் ஒன்றுசேர்கின்றன.

இவ்வாய்பாட்டைத் தமிழின் சிறந்த திரைக்கதைகள் மீது அப்படியே பொருத்தினால் அவை குறையுடையனவாகத் தோன்றும். ‘முள்ளும் மலரும்’ காளி கடைசிக் காட்சி வரை மாறுவதில்லை. ‘தேவர் மகன்’ சக்திவேல் எதிலிருந்து விலக நினைத்தானோ அதிலேயே சென்று முடிகிறான். ‘பரியேறும் பெருமாள்’ பரியன் கதை முடிவில் எந்த இலக்கையும் எட்டிவிடவில்லை. எனினும் இம்மூன்றும் பார்வையாளர் நெஞ்சில் நிலைத்துள்ளன. ஆகவே வாய்பாடு கேட்கத் தவறும் வினா ஒன்று இருக்க வேண்டும். மாற்றத்தின் விலை யாருடைய உடலில் எழுதப்படுகிறது என்பதே அவ்வினா என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மெய்ப்பாடு என்னும் அளவுகோல்

இங்கு ஆளப்படும் ‘அகம்’, ‘புறம்’ என்னும் சொற்கள் சங்க இலக்கியப் பொருட்பாகுபாட்டைக் குறிப்பன அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். திரைக்கதை ஆய்வுக்குத் தொல்காப்பியத்தில் நெருக்கமாக நிற்பது பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலே. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். உணர்வைத் தனியே கூறாமல், அது எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் சேர்த்துக் கூறும் முறை இது.

திரைக்கதை எழுதுவோருக்கு இம்முறை பெரிதும் பயன்படும். புதினத்தில் ஒருவரின் மனமாற்றத்தை ஆசிரியர் கூற்றாகவே எழுதிவிடலாம். திரையில் அதை ஒரு செயலாகவோ, உடல் அசைவாகவோ, பொருளாகவோ காட்டியாக வேண்டும். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொல்லுதல் என்பன அவற்றின் பொருள். இவற்றுள் உறுப்பறை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஆராயப்படும் மூன்று படங்களுள் இரண்டில் ஒரு பாத்திரம் கையை இழக்கிறது. அந்த இழப்பு யாருடைய கதையை நகர்த்துகிறது என்பதில் அவ்விரு திரைக்கதைகளும் வேறுபடுகின்றன.

முள்ளும் மலரும்: புறம் முந்த, அகம் பிந்துதல்

உமாசந்திரனின் புதினத்தைத் தழுவி மகேந்திரன் திரைக்கதை எழுதி இயக்கிய முதல் படம் ‘முள்ளும் மலரும்’. மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்கும் காளிக்குத் தங்கை வள்ளியே உலகம். புதிதாக வரும் பொறியாளர் குமரன் விதிமுறையில் கண்டிப்பானவர். விதியை மீறிய காளி பணி இடைநீக்கம் செய்யப்படுகிறான். குடித்துவிட்டுச் சாலையில் கிடக்கும்போது லாரி ஏறிக் கையை இழக்கிறான், வேலையும் போகிறது.

வாய்பாட்டின்படி இத்தகைய பேரிழப்பு நாயகனின் திருப்புமுனையாக அமைந்து, அவன் செருக்கு அங்கே உடைந்திருக்க வேண்டும். மகேந்திரன் அவ்வாறு செய்யவில்லை. உடல் குறைந்த பின் காளியின் பெருமிதம் மேலும் இறுகுகிறது. எந்த உறுப்பு போனாலும் தான் பிழைத்துக்கொள்வதாக அவன் பொறியாளரிடமே சொல்கிறான். பிணி, வருத்தம் முதலியவற்றால் இளிவரல் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் தரும் விளக்கம். காளியிடம் அதற்கான நிலைக்களன்கள் சில உள்ளன. ஆனால் அவன் இளிவரலை வெளிக்காட்ட மறுக்கிறான். அது வெகுளியாக உருமாறிக் குமரனை நோக்கித் திரும்புகிறது. கையைப் போக்கியது லாரியும் தன் குடியுமே என்றாலும், காளியின் மனம் அதைக் குமரன் செய்த உறுப்பறையாகவே கணக்கில் வைத்துக்கொள்கிறது. குமரன் வள்ளியை மணக்க விரும்பும்போது அவன் மறுப்பது இக்கணக்கினால்தான்.

இறுதியில், காளியின் மனைவி மங்கா முன்னின்று நடத்தும் திருமணத்திற்கு வள்ளி புறப்படுகிறாள். வழியில் காளியைக் கண்டதும் மணமகனை விட்டு அண்ணனிடம் ஓடிவருகிறாள். அவள் தன்னையே தேர்ந்தாள் என்பது உறுதியான பிறகே காளி அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். அப்போதும் குமரனைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டே ஒப்படைக்கிறான். இத்திரைக்கதையின் நுட்பம் இங்கேதான் உள்ளது. காளி முழுமையாக மாறிவிடவில்லை. வெறுப்பு அப்படியே இருக்கிறது. அவ்வெறுப்பைத் தங்கையின் வாழ்வுக்குக் குறுக்கே நிறுத்துவதில்லை என்ற ஒரே ஒரு முடிவில் மட்டும் மாறுகிறான். மாற்றம் மிகச் சிறியது. அதற்கான விலையோ மிகப் பெரியது. அதைத் தந்ததும் அவன் உடலே. ஆகவே பார்வையாளர் அதை ஐயமின்றி ஏற்கின்றனர்.

தேவர் மகன்: புறமும் அகமும் எதிர்த்திசையில்

கமல்ஹாசனின் திரைக்கதையில் பரதன் இயக்கிய ‘தேவர் மகன்’ இதனினும் சிக்கலான அமைப்புடையது. வெளிநாட்டில் படித்த சக்திவேல் காதலி பானுவுடன் ஊருக்கு ரயிலில் வந்து இறங்குகிறான். ஊரில் தங்கும் எண்ணமே அவனுக்கில்லை. மாயனின் பகையும் தந்தையின் இறப்பும் அவனை ஊர்ப் பெரியவரின் இடத்தில் அமர்த்துகின்றன. நகர உடையும் கூந்தலும் போய், வேட்டியும் மீசையுமாகத் தந்தையின் சாயலிலேயே அவன் வெளிப்படும் காட்சி தமிழ்த் திரையின் மிகப் புகழ்பெற்ற புற மாற்றங்களுள் ஒன்று.

புறத்தில் அவன் தந்தையாகிறான். அகத்திலோ ஊரைப் படிப்பின் பக்கம் திருப்ப விரும்புபவனாகவே இருக்கிறான். இந்த முரணை வெகுளியின் நான்கு நிலைக்களன்களும் அடுத்தடுத்துத் தாக்குகின்றன. கோயில் பூட்டை உடைக்க உதவிய இசக்கி கையை இழக்கிறான். கரை உடைக்கப்பட்டு வெள்ளத்தில் குடிகள் அழிகின்றனர். பகைவருக்கு அஞ்சி மணமகன் ஓடிப்போக, பஞ்சவர்ணம் மணவறையில் தனித்து விடப்படுகிறாள். திருவிழாவில் குண்டு வெடித்து உயிர்கள் போகின்றன. இறுதியில் சக்திவேல் மாயனைக் கொல்கிறான். பழியைத் தாங்கள் ஏற்பதாக ஊரார் முன்வந்தபோதும் மறுத்துச் சரணடைந்து, பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறு சொல்லி, வந்த ரயில்வழியே சிறைக்குச் செல்கிறான். தொடக்கத்தையும் முடிவையும் ரயிலால் பிணைத்த இவ்வமைப்பு திரைக்கதைக் கலையில் பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் மதிப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட முடியாது. இத்திரைக்கதையில் அக மாற்றத்தின் செய்தி பெரும்பாலும் உரையாடலில் உள்ளது. புற மாற்றத்தின் பெருமிதம் காட்சியிலும் இசையிலும் உள்ளது. திரையில் காட்சிக்கும் சொல்லுக்கும் போட்டி வந்தால் காட்சியே வெல்லும். ‘போற்றிப் பாடடி பெண்ணே’ பாடல் படத்தை விட்டு வெளியேறிச் சாதிப் பெருமையின் குறியீடாகப் பயன்படுத்தப்பட்டது இதற்குச் சான்று. வன்முறையைக் கைவிடச் சொன்ன படம் மீசையின் படமாக நினைவுகூரப்படுவதற்குப் பார்வையாளரை மட்டும் குறை கூற இயலாது. திரைக்கதையின் அமைப்பிலேயே அதற்கான இடம் இருக்கிறது.

அந்த இடத்தை இசக்கியின் கை காட்டிக்கொடுக்கிறது. காளி தன் மாற்றத்திற்குத் தன் கையைக் கொடுத்தான். சக்திவேலின் மாற்றத்திற்கு இசக்கி தன் கையைக் கொடுக்கிறான். உறுப்பறை இசக்கிக்கு நிகழ, அதனால் பிறக்கும் வெகுளி நாயகனுக்கு உரியதாகிறது. கையிழந்த இசக்கி தன் நிலையை வேடிக்கையாகப் பேசும் காட்சி அவன் துயரை ஆழமாக உணர்த்துகிறது. வடிவேலுவின் நடிப்பு அதைச் சிறப்பிக்கிறது. ஆனால் இசக்கி அந்த இழப்பால் என்னவாக மாறினான் என்று திரைக்கதை கேட்பதில்லை. அவன் வலி, வேறொருவரின் வளர்ச்சிக்கு ஒரு படியாக மட்டுமே நிற்கிறது. மாரி செல்வராஜ் தம் ‘மாமன்னன்’ (2023) படத்தை இசக்கியை மனத்தில் கொண்டு உருவாக்கியதாக வெளிப்படையாகக் கூறினார். அதே வடிவேலுவை மையப் பாத்திரமாகவும் ஆக்கினார். முப்பதாண்டுகளுக்குப் பின் எழுந்த அம்மறுமொழி, விடுபட்டுப்போன ஒரு பாத்திர மாற்றத்தைப் பற்றிய திறனாய்வாகவும் கொள்ளத்தக்கது.

பரியேறும் பெருமாள்: மாறவேண்டியவர் யார்?

மாரி செல்வராஜின் முதல் படமான ‘பரியேறும் பெருமாள்’ மாற்றத்தின் பொறுப்பையே இடம் மாற்றுகிறது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் பரியன் மீது இழிவுகள் தொடர்ந்து சுமத்தப்படுகின்றன. அவன் வளர்த்த கருப்பி என்னும் நாய் தண்டவாளத்தில் கொல்லப்படுகிறது. உடன் பயிலும் ஜோவின் வீட்டுத் திருமணத்தில் அவன் தாக்கப்படுகிறான். பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான அவன் தந்தை பலர் முன்னிலையில் இழிவுபடுத்தப்படுகிறார்.

இங்கும் விலையின் ஒரு பகுதியைத் தருவது மற்றோர் உடலே. ஆனால் திரைக்கதை அதைக் கையாளும் முறை வேறானது. கல்லூரியில் தந்தையை அழைத்துவரச் சொன்னபோது முதலில் வேறொருவரைத் தந்தையாகக் கொண்டுவந்து நிறுத்தும் பரியன், பின்னர்த் தன் உண்மையான தந்தையையே அழைத்து வருகிறான். அவனுடைய அக மாற்றம் இவ்விரு காட்சிகளுக்கு இடையே உள்ளது. உடையில் மாற்றமில்லை, உரையில் விளக்கமில்லை, அருகில் நிற்கும் மனிதர் மட்டும் மாறியிருக்கிறார். தந்தை பட்ட இழிவு மகனின் வீரத்திற்குத் தூண்டுகோலாகச் செலவழிக்கப்படவில்லை. அவர் தம் வலியோடு தாமாகவே திரையில் நிற்கிறார்.

இறுதியில் தன்னைக் கொல்ல ஆள் அனுப்பிய ஜோவின் தந்தையிடம், நீங்கள் நீங்களாகவே இருந்து நான் நாயாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் வரை எதுவும் மாறாது என்னும் பொருள்படப் பரியன் பேசுகிறான். பழிவாங்கலும் இல்லை, ஒப்புரவும் இல்லை. இரு தேநீர்க் குவளைகளுக்கு நடுவே ஒரு மல்லிகைப் பூ இருக்கப் படம் முடிகிறது. நாயகன் தன் பங்கு மாற்றத்தை முடித்துவிட்டான். எஞ்சிய மாற்றம் எதிரே இருப்பவருடையது. நாயகனின் குறை நீங்குவதே கதை என்னும் வாய்பாடு, குறை சமூகத்தில் இருக்கும்போது பயன்படாமல் போவதை இம்முடிவு தெளிவாக்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

1. அக, புற மாற்றங்கள் இறுதியில் ஒன்றுசேர வேண்டும் என்பது கட்டாய விதியன்று. ஒன்று முந்துவதும், எதிர்த்திசையில் செல்வதும், ஒன்று நிகழாமலே இருப்பதும் வலுவான திரைக்கதை அமைப்புகளாகலாம்.

2. அக மாற்றம் சிறிய, திட்டவட்டமான ஒரு செயலாக வெளிப்படும்போது நம்பத்தக்கதாகிறது. காளி தங்கையை ஒப்படைப்பதும், பரியன் தந்தையை அழைத்து வருவதும் அத்தகையன. அக மாற்றத்தைச் சொல்லிலும் புற மாற்றத்தைக் காட்சியிலும் வைத்தால், பார்வையாளர் நினைவில் காட்சியே தங்கும்.

3. நாயகனின் மாற்றத்திற்கான விலையைத் துணைப் பாத்திரம் செலுத்தும்போது, அப்பாத்திரத்தின் மாற்றத்தையும் வடிவமைக்கும் கடமை திரைக்கதையாசிரியருக்கு உண்டு. அக்கடமை தவறும் இடத்தில், படம் சொல்ல வந்த கருத்துக்கு எதிரான பொருளும் படத்திலிருந்தே பிறக்கிறது.

திரைக்கதை வகுப்புகளில் நாயகன் எதை விரும்புகிறான், அவனுக்கு எது தேவை என்னும் இரு வினாக்கள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு, அவன் மாறுவதற்காகக் கையை இழந்தவர் யார், அவர் இப்போது என்ன ஆனார் என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் ஒருவரின் பெருமிதமும் மற்றொருவரின் இளிவரலும் ஒரே ஊரில், பல வேளைகளில் ஒரே காட்சியில் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துக் காணும் திரைக்கதையே பாத்திரத்தின் மாற்றத்தை முழுமையாக எழுதியதாகும்.