தானியமில்லாத குக்கி

தானியம் சேர்க்காத குக்கியை நோயாளிக்கான ஆறுதல் பண்டம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதற்கென்று தனி நுட்பம் உண்டு. நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் வகுத்து, எலெய்ன் காட்ஷாலின் நூலால் பரவிய, குடல் நோயாளிகளுக்கான உணவுமுறை தானியம், மாவுச்சத்து, வெள்ளைச் சர்க்கரை மூன்றையும் விலக்குகிறது. குக்கிக்கு மிஞ்சுபவை பாதாம் மாவு, தேன், முட்டை, வெண்ணெய். பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருப்பதால் அதுவும் ஆகாது, சமையல் சோடாதான். அதைப் பொங்கவைக்கும் புளிப்பைத் தேனே தருகிறது. எத்தனை அழகான பொருத்தம்! பாதாமில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இல்லை. அதனால்தான் வாயில் போட்டதும் உதிர்கிறது. கோதுமைக் குக்கியின் மொறுமொறுப்பை இதில் தேடுபவர் தவறான அளவுகோலோடு வருகிறார். தேன் சீக்கிரம் கருகும் என்பதால் ஓவன் சூடு 160 டிகிரி செல்சியஸ் போதும். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துத் தட்டிலேயே ஆறவிட வேண்டும், சூட்டில் தொட்டால் உடையும்.

இந்த உணவுமுறை குடல் நோயைத் தீர்க்குமா என்று கேட்பது நியாயமே. கிரோன் என்னும் குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஒப்பாய்வில், இந்த உணவுமுறை மத்தியதரைக்கடல் உணவைவிட மேலானதாகத் தெரியவில்லை. ஆகவே இதை மருந்தென்று விற்பவரை நம்ப வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால் குக்கியைச் சுடுங்கள். நோயாளிக்கு மட்டும் தனியாக வைக்காமல் வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள்.