கோயம்புத்தூரும் ஓர் இரவற் பெயரும்

தொழில் வளம் பெற்ற நகரொன்றைப் புகழ விரும்புவோர் அதனை மான்செஸ்டருக்கு ஒப்பிடுதல் நெடுநாள் வழக்கு. வூச் நகரைப் ‘போலந்தின் மான்செஸ்டர்’ என்றனர். கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்றனர். உவமை கூறின் ஒப்புமை வேண்டும். இவ்விரவற் பெயர் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மூன்று நகரங்களிலும் பஞ்சாலைகள் எழுந்தன என்பது உண்மை. அவை எழுந்த வழியோ வெவ்வேறு. மான்செஸ்டர், பருத்தி விளையாத நாட்டிலே, கடல் கடந்து வந்த பஞ்சினாலும் நிலக்கரியினாலும் வளர்ந்தது. வூச், 1820ஆம் ஆண்டில் அரசாணையால் தொழிற் குடியிருப்பாக்கப்பட்ட சிற்றூர். ஜெர்மானிய நெசவாளர் அங்குக் குடியேறினர். அவர்தம் துணி ரஷ்யச் சந்தையை நாடிச் சென்றது. அந்நகரின் செல்வ வேட்கையைப் போலிஷ் ஆசிரியர் ரேமொந்த், 1899இல் நூலாக வெளிவந்த ‘வாக்களிக்கப்பட்ட பூமி’ என்னும் நாவலிற் சித்திரித்தார்.

கோயம்புத்தூரின் கதையோ கிணற்றடியில் தொடங்குகின்றது. மழை குறைந்த அம்மண்ணில் உழவர் ஆழக் கிணறு வெட்டிக் கம்போடியாப் பருத்தியை விளைவித்தனர். 1888இல் ஸ்டேன்ஸ் என்பார் ஆலை நிறுவினார் எனினும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பின்னரே ஆலைகள் விரைந்து பெருகின. அவற்றுட் பலவற்றை நிறுவினோர் உழவர் குடியினரே. அதே மின்சாரம் கிணற்று நீரையும் இறைத்தது. ஆதலின் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் தோன்றின. பருத்தி, கிணறு, ஆலை, பட்டறை என்னும் இத்தொடர்ச்சியே அந்நகரின் தனி இயல்பு. இதனை இரவற் பெயர் உணர்த்தவில்லை.

பிறிதொன்றையும் அப்பெயர் மறைக்கின்றது. புகழ் ஆலைக்குச் சூட்டப்படுகின்றது, தொழிலாளிக்கு அன்று. ஆலைப் பூசலின் விளைவாய் எழுந்த கொலை வழக்கொன்றில், சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 சனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டனர். இதனைக் கூறாது ஆலை முதல்வர்தம் பெருமையை மட்டும் விரித்துரைக்கும் நகர வரலாறு பாதி வரலாறேயாம்.

இவ்வாராய்ச்சி நமக்கும் உரியது. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை, கைத்தறியாற் பெயர் பெற்ற ஊர். அதன் சாரமும் சேலையும் நாம் நன்கறிந்தவை. நாளை அவ்வூர்க்கும் எவரேனும் இரவற் பெயரொன்றைச் சூட்ட முற்படலாம். அப்பெயரில் மகிழ்ந்து அமையாது, நூல் எங்கிருந்து வந்தது, சாயம் தோய்த்தவர் யார், தறியில் அமர்ந்தவர் பெற்ற கூலி யாது என நம் மாணவர் வினவுவாராக. அவ்வினாக்களுக்கு அவ்வூரார் கூறும் விடையே அவ்வூரின் வரலாறு.