பென்ரின் கோட்டைக்குள் போகாதவர்கள்

தமிழில் அய்ரோப்பியப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வியாதி இருக்கு. கோட்டையைக் கண்டதும் அண்ணாந்து வாயைப் பிளந்துருவாங்க. கோபுரம் எத்தனை அடி, ராணி எந்தக் கட்டிலில் படுத்தாள், இதோட கட்டுரை முடிஞ்சிடும். கல்லைச் சுமந்தவன் யாரு, அவனுக்கு என்ன கூலி என்கிற கேள்வியே வராது. கோட்டைக்காரனின் கண்ணை இரவல் வாங்கிக்கிட்டுப் பார்க்கிற பார்வை அது.

வட வேல்ஸில், பாங்கர் பக்கத்தில் இருக்கிற பென்ரின் கோட்டையைப் பார்த்தபோது இந்தக் கட்டுரைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆயிரம் வருஷத்து நார்மன் கோட்டை மாதிரி நிற்குது. பொய். 1820களிலும் 30களிலும் தாமஸ் ஹாப்பர் என்கிற கட்டடக் கலைஞர் கட்டிக் கொடுத்த பணக்காரன் வீடு. எந்தப் படையும் அதை முற்றுகை போட்டதில்லை. புதுப் பணத்துக்குப் பழைய பரம்பரை வேஷம். (வேஷத்துக்கே எவ்வளவு கல்லு!)

பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. பென்னன்ட் குடும்பத்து ரிச்சர்ட், லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை வாணிபத்தை ஒழிக்கக் கூடாதென்று சபையில் வாதாடியவர். அந்தக் காசுதான் பக்கத்து மலையில் சிலேட்டுக் குவாரியாக மாறியது. கோட்டையைக் கட்டிய வாரிசுக்கு, 1833 அடிமைமுறை ஒழிப்புச் சட்டப்படி, 764 மனிதர்களை 'இழந்ததற்கு' அரசு தந்த நஷ்டஈடு 14,683 பவுண்டு. அந்த 764 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை.

உள்ளே ஒரு சிலேட்டுக் கட்டில் இருக்கு. ஒரு டன் எடை. 1859இல் விக்டோரியா ராணி வந்தபோது இதில் படுக்க மாட்டேன், கல்லறை மாதிரி இருக்கு என்றாளாம். எல்லாரும் சிரிக்கிறாங்க. கூரைச் சிலேட்டுக்கு அளவைப் பொறுத்து ராணி, கோமகள், சீமாட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். தூசியைத் தின்றுகொண்டு நாள் முழுக்கச் சீமாட்டிகளைப் பிளந்து அடுக்கியவன் அதைச் சொல்லி எப்படிச் சிரித்திருப்பான்? அந்தச் சிரிப்பு கோட்டைக்குள்ளே எங்கேயும் கேட்கலை.

குவாரிக்காரர்களின் ஊர் பெதஸ்தா. பைபிளில் வருகிற குளத்தின் பேர்தான். அந்தப் பேரில் இருந்த சர்ச்சால் ஊருக்கு வந்தது. 1900 நவம்பரில் சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். சங்கத்தோடு பேச மாட்டேன், தனித்தனியா வா என்றான் முதலாளி. 1901 ஜூனில் சுமார் 400 பேர் திரும்பிப் போக, ஆளுக்கு ஒரு தங்கப் பவுன் கொடுத்தான். மற்றவர்கள் தங்கள் வீட்டு சன்னலில் அட்டை மாட்டினார்கள்: இந்த வீட்டில் துரோகி இல்லை. மூணு வருஷம். பட்டினி, பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள். 1903 நவம்பரில் தோற்றார்கள்.

1951இலிருந்து கோட்டை நேஷனல் டிரஸ்ட் வசம். இப்போது ஜமைக்காவைப் பற்றியும் எழுதி வைத்திருக்காங்க. பாராட்டலாம். 2020இல் அந்த அமைப்பு, தன் சொத்துகளில் 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமைமுறையோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டதும் அங்கே ஒரு கூட்டம் கொதிச்சது. அழகைப் பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதுக்கு என்று கேட்டது. நம்ம எழுத்தைப் பார்த்து 'வலி இருக்கு, அழகியல் எங்கே' என்று கேட்டாங்களே இங்குள்ள விமர்சகர்கள், அதே குரல்தான்.

பெதஸ்தாவில் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோட்டைக்குள் காலெடுத்து வைக்காத குடும்பங்கள் உண்டு. வாசல் திறந்துதான் இருக்கு, போகிறதில்லை. எந்த நுழைவுக்கும் போராட வேண்டியிருந்த நமக்கு இது முதலில் விளங்காது. உள்ளே விடாதே என்று அவன் சொல்வது வேற, வர மாட்டேன் என்று இவன் சொல்வது வேற. கோட்டையைப் பற்றி நான் வாசித்த எதையும்விடக் கறாரான விமர்சனம் இந்த நடைதான்: வாசல்வரை போய்த் திரும்பவும் இல்லை, அந்தப் பக்கமே போகாத நடை.

நான் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனேன். கட்டிலையும் போட்டோ எடுத்தேன். திரும்பும்போது பஸ் பெதஸ்தா வழியாகப் போனது. இறங்கலை.